இணையரின் இறப்பும் இருப்புரிமையும்: அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் கைம்பெண்ணை எவ்வாறு நடத்துகிறது?

ஒரு நாட்டின் குடிமகனைத் திருமணம் செய்துகொண்டு அந்நாட்டில் வாழச் செல்லும் பெண்ணுக்கு, அங்கு வாழ்வதற்கான உரிமை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் அதை அவருடைய சொந்த உரிமையாகக் கருதுவதில்லை. கணவருக்கு உள்ள உரிமையின் நீட்சியாகவே கருதுகின்றன. தன் மனைவியுடன் வாழக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்பதால் மனைவிக்கு அனுமதி கிடைக்கிறது. அப்படியானால், அந்தக் குடிமகன் இறந்துவிட்டால் என்ன ஆகும்? துயரில் இருக்கும் ஒருவரிடம் ‘இனி இந்நாட்டில் உங்களுக்கு இடமில்லை’ என்று அரசு சொல்லலாமா?

அமெரிக்காவில் 2009 வரை பலருக்கு விடை ‘சொல்லலாம்’ என்பதாகவே இருந்தது. இன்று நிலை மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, எந்தக் காலக்கெடுவுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை அறியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சட்ட விவரம் உறவினர் வலைப்பின்னல் வழியாகவும் சாதிச் சங்கங்கள் வழியாகவுமே பரவும் ஒரு புலம்பெயர் சமூகத்தில், அந்த வலைப்பின்னலுக்கு வெளியே இருப்பவர்களையே அறியாமை முதலில் தாக்குகிறது. சட்டத்தின் இன்றைய நிலையையும் அதன் பின்னணியையும் இக்கட்டுரை விளக்க முனைகிறது.

கணவர் வழி வந்த குடியுரிமை

மனைவியின் சட்ட நிலையைக் கணவரோடு பிணைப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். 1855ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்கக் குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண்ணுக்குத் தானாகவே குடியுரிமை அளித்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது: அயல்நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தார். 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதைச் செல்லும் என்றது. 1922இல் இயற்றப்பட்ட கேபிள் சட்டம் இந்நிலையைத் தளர்த்தியபோதும், ‘குடியுரிமை பெறத் தகுதியற்ற’ ஆசியர்களை மணந்த பெண்களை அது காக்கவில்லை. அந்த விலக்கு 1931இல்தான் நீக்கப்பட்டது.

இங்கு ஒரு செய்தியை நினைவுகூர்வது பொருத்தம். 1923இல் பகத் சிங் திந்த், தாம் ‘உயர்சாதி ஆரியர்’ என்பதால் வெள்ளையராகக் கருதப்பட்டுக் குடியுரிமை பெறத் தகுதியானவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்; தோற்றார். அத்தீர்ப்புக்குப் பின் இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்களும் மேற்சொன்ன விலக்கின் கீழ் வந்தனர். ஆக, யாருக்குக் குடியுரிமை என்ற கேள்வியில் இனமும் சாதியும் திருமணமும் தொடக்கம் முதலே பின்னிக் கிடந்தன.

‘கைம்பெண் தண்டனை’

இன்றைய நடைமுறையில், அமெரிக்கக் குடிமகன் தன் மனைவிக்காக ஐ-130 எனும் மனுவைத் தாக்கல் செய்கிறார். அது ஏற்கப்பட்டால் மனைவி ‘கிரீன் கார்டு’ எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மனுதாரர் கணவரே, மனைவி பயனாளி மட்டுமே. மனு நிலுவையில் இருக்கும்போது மனுதாரர் இறந்தால் மனுவும் இறந்துவிடும் என்பதே நெடுங்கால விதி. 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், இறப்பதற்குமுன் திருமணம் குறைந்தது 2 ஆண்டுகள் நீடித்திருந்தால் மட்டும், கைம்பெண் தானே மனுச் செய்யலாம் என்று ஒரு வழியைத் திறந்தது.

அந்த 2 ஆண்டு வரம்புதான் ‘கைம்பெண் தண்டனை’ என்று பெயர் பெற்றது. திருமணமாகி 23 மாதங்களில் கணவர் இறந்தால் மனு தள்ளுபடி. மனைவி நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாவார். 25 மாதங்களில் இறந்தால் அவர் தங்கலாம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் குடிவரவுத் துறை எடுத்துக்கொண்ட காலத்தாமதத்தின் விலையையும் கைம்பெண்ணே செலுத்தினார்.

இதை எதிர்த்துப் பலர் நீதிமன்றம் சென்றனர். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கார்லா ஃப்ரீமனின் கணவர், திருமணமாகி ஓராண்டு நிறைவுறும் முன்பே சாலை விபத்தில் இறந்தார். இறப்பு ஒருவரின் ‘இணையர்’ எனும் நிலையை அழித்துவிடாது என்று 2006இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2003ஆம் ஆண்டு நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் படகு விபத்தில் கணவரை இழந்த ஜமைக்கப் பெண் ஒருவரின் வழக்கில், மூன்றாம் வட்ட நீதிமன்றம் 2009இல் நேர்மாறான தீர்ப்பை வழங்கியது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், எந்த மாநிலத்தில் வசிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கைம்பெண்ணின் வாழ்வு தீர்மானிக்கப்பட்டது.

2009இல் நிகழ்ந்த மாற்றம்

2009 அக்டோபர் 28 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, 2 ஆண்டு வரம்பை நீக்கியது. இன்றைய நிலையைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, திருமணம் எத்தனை நாள் நீடித்தது என்பது இப்போது தடையல்ல. அமெரிக்கக் குடிமகனின் கைம்பெண்ணோ, குடிமகளான மனைவியை இழந்த கணவரோ தாமே மனுச் செய்யலாம். 2013இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், தன்பால் இணையரின் திருமணங்களும் குடிவரவுச் சட்டத்தில் சமமாகவே கருதப்படுகின்றன.

இரண்டாவது, இணையர் உயிரோடு இருக்கும்போதே ஐ-130 மனு தாக்கல் செய்யப்பட்டிருந்தால், இறப்புக்குப் பின் அது ஐ-360 எனும் கைம்பெண் மனுவாகத் தானாகவே மாறிவிடும். இறப்புச் சான்றிதழுடன் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது, அத்தகைய மனு எதுவும் தாக்கல் செய்யப்படாதிருந்தால், இணையர் இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் ஐ-360 மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். இதுவே கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டிய காலக்கெடு. துக்கம், கடன், குழந்தைகள், வீடு மாறுதல் எனக் கழியும் 2 ஆண்டுகள் மிகக் குறுகியவை.

நான்காவது, இறப்பு நேரத்தில் இருவரும் சட்டப்படி பிரிந்திருக்கவோ மணவிலக்குப் பெற்றிருக்கவோ கூடாது. மனக்கசப்பால் வேறு வீட்டில் வசிப்பது மட்டுமே சட்டப்படியான பிரிவு ஆகிவிடாது. எனினும் திருமணத்தின் உண்மைத்தன்மை குறித்த கேள்விகளை அது எழுப்பக்கூடும்.

ஐந்தாவது, நிரந்தரக் குடியிருப்பு உரிமை கைக்கு வரும் முன் மறுமணம் செய்துகொண்டால் இந்த உரிமை போய்விடும். உரிமை கிடைத்த பின் மறுமணம் செய்வதற்குத் தடையில்லை.

ஆறாவது, 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத குழந்தைகளையும் இதே மனுவில் சேர்க்கலாம். மேலும், வழக்கமான குடும்ப மனுக்களில் கேட்கப்படும் நிதி ஆதரவு உறுதிப் பத்திரம் கைம்பெண் மனுவுக்குத் தேவையில்லை. பொறுப்பேற்க வசதியான உறவினர் எவரும் இல்லாதவருக்கு இது முக்கியமான விதி. ‘மாமனார் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும்’ என்று யாரேனும் சொன்னால் அது தவறு.

இந்தியாவிலேயே இருந்துகொண்டு கணவரின் அழைப்புக்காகக் காத்திருந்த மனைவியும் இம்மனுவைச் செய்யலாம். அவருக்கான விசா அமெரிக்கத் தூதரகம் வழியாக வழங்கப்படும்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. குடிமகனான கணவர் கொடுமைப்படுத்தியவராக இருந்து இறந்திருந்தால், பெண்களுக்கெதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழும், இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அவர் தனியே மனுச் செய்யலாம்.

கிரீன் கார்டு வந்த பின்னர்

கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைவுறாவிட்டால், அது 2 ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் நிபந்தனைக்குட்பட்ட உரிமையாக வழங்கப்படும். போலித் திருமணங்களைத் தடுப்பது என்ற பெயரில் 1986இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து ஐ-751 விண்ணப்பம் அளிக்க வேண்டும். இடையில் இணையர் இறந்துவிட்டால், எஞ்சியவர் இறப்புச் சான்றிதழையும், திருமணம் உண்மையானதே என்பதற்கான சான்றுகளையும் இணைத்துத் தனியாகவே விண்ணப்பிக்கலாம். கூட்டுக் கையெழுத்து இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவதே பெருந்தவறு.

குடியுரிமை பெறுவதில் ஓர் இழப்பு உண்டு. குடிமகனின் மனைவி என்ற முறையில் 3 ஆண்டுகளில் விண்ணப்பிக்கும் சலுகை, கணவரின் இறப்போடு முடிந்துவிடும். மற்றவர்களைப் போல 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் இணையருக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை.

படைவீரர் குடும்பங்களுக்குச் சட்டம் காட்டும் இரக்கத்துக்கும் எல்லை இருந்தது. ஈராக்கில் 2008இல் கொல்லப்பட்ட ஓர் அமெரிக்கப் படைவீரரை, அவர் போர்முனையில் இருந்தபோதே தொலைபேசி வழியாக மணந்திருந்தார் ஒரு ஜப்பானியப் பெண். அப்போது அவர் கருவுற்றிருந்தார். இருவரும் நேரில் இல்லாமல் நடந்த திருமணம், அதன்பின் உடலுறவால் நிறைவு பெற்றிருந்தால்தான் செல்லும் என்ற 1952ஆம் ஆண்டு விதி அவருக்குத் தடையானது. குழந்தையே சான்றாக இருந்தும் சட்டம் அதை ஏற்கவில்லை. இறுதியில் அவர் ஒருவருக்காக 2010இல் காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

கணவர் குடிமகன் இல்லையென்றால்?

மேற்கண்ட பாதுகாப்பு அனைத்தும் அமெரிக்கக் குடிமக்களின் இணையருக்கே உரியது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தவரின் கைம்பெண் ஐ-360 மனுச் செய்ய முடியாது. அதே 2009 சட்டம் சேர்த்த 204(எல்) எனும் பிரிவு அவருக்கு ஓரளவு உதவும்: கணவர் இறந்தபோது மனு நிலுவையிலோ ஏற்கப்பட்டோ இருந்திருக்க வேண்டும், பயனாளி அப்போது அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும், தொடர்ந்தும் வசிக்க வேண்டும்.

எச்-1பி பணி விசாவில் உள்ளவர்களின் மனைவியர் எச்-4 எனும் சார்பு விசாவில் இருக்கின்றனர். கணவர் இறந்தால் அந்தச் சார்பு நிலையும் முடிந்துவிடும். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலம் ஓலேதாவில் இனவெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்ட ஐதராபாத் பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவின் மனைவி சுனயனா துமாலா எதிர்கொண்டது இதைத்தான். கணவரைக் கொன்ற குற்றத்துக்கு அந்நாடு நீதி வழங்கிய அதே வேளையில், அந்நாட்டில் வாழும் உரிமையை அவர் இழந்திருந்தார். காங்கிரஸ் உறுப்பினர் கெவின் யோடரின் தலையீட்டால் தற்காலிக அனுமதி பெற்றே அவர் திரும்பிச் சென்று வாழ முடிந்தது. உலகமே அறிந்த ஒரு வழக்கில் அரசியல் தலையீடு கிடைத்தது. செய்தியாகாத மாரடைப்பிலும் சாலை விபத்திலும் கணவரை இழக்கும் பெண்ணுக்கு அது கிடைப்பது அரிது.

சாதி குறுக்கிடும் இடம்

சட்டத்தின் எழுத்தில் சாதி இல்லை. ஆனால் சட்டம் கேட்கும் சான்றுகளில் சாதி வந்து நிற்கிறது.

கைம்பெண் மனுவில் மெய்ப்பிக்க வேண்டிய முதன்மையான செய்தி, திருமணம் உண்மையானது என்பது. கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வருமான வரிப் படிவம், காப்பீடு, ஒளிப்படங்கள், உறவினர்களின் உறுதிமொழிகள் ஆகியவற்றை அதிகாரிகள் எதிர்பார்க்கின்றனர். இரு குடும்பங்களும் கூடி நடத்திய திருமணத்தில் ஒளிப்படங்களுக்கும் சாட்சிகளுக்கும் பஞ்சமில்லை. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவர்களின் நிலை வேறு. பெற்றோர் வராத திருமணம். நண்பர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்திட்ட பதிவு அலுவலகம். அழைப்பிதழே அச்சிடப்படாத நிகழ்வு. கணவர் உயிரோடு இருந்தவரை வாய்மூடி இருந்த குடும்பம், அவர் இறந்த பின் ‘இப்படி ஒரு திருமணமே நடக்கவில்லை’ என்று கூறவும், ஆவணங்களைத் தர மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

எனவே சில செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமணம் எங்கு நடந்ததோ அந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்பதே அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் முதல் அளவுகோல். குடும்பத்தின் ஒப்புதல் அதில் ஒரு நிபந்தனையே அல்ல. தமிழ்நாட்டில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம், இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு சேர்த்த 7ஏ பிரிவின்படி செல்லும். அது பொதுமக்கள் முன்னிலையில் அறிவிக்கப்பட வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆனால் செல்லுபடியாவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும்; அந்தப் பதிவுச் சான்றிதழே அயல்நாட்டில் பேசும் ஆவணம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு அது இயல்பாகவே கிடைக்கிறது. எதிர்ப்புக்கிடையில் மணந்தவர்கள் காவல்துறைப் பாதுகாப்புக் கேட்டு அளித்த மனு, நீதிமன்ற ஆணை ஆகியவையும் அத்திருமணத்தின் உண்மைக்குச் சான்றாக முன்வைக்கத்தக்கவை. சாதி எதிர்ப்பின் தழும்புகளே இங்கு ஆவணங்களாகின்றன.

கணவரின் குடியுரிமைச் சான்று, கடவுச்சீட்டின் படி, அவருடைய முந்தைய திருமணம் ஏதேனும் இருந்தால் அதன் முறிவு ஆணை, பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகள் மனைவியின் கைவசம் எப்போதும் இருக்க வேண்டும். இதில் அவநம்பிக்கை ஏதுமில்லை. ஆவணங்கள் யாருடைய அலமாரியில் இருக்கின்றனவோ அவரிடமே அதிகாரமும் இருக்கிறது.

மறுமணம் பற்றிய விதியையும் இதே கோணத்தில் பார்க்க வேண்டும். 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சாதிகளின் தோற்றம் குறித்து அண்ணல் அம்பேத்கர் வாசித்த ஆய்வுரை, அகமண முறையைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் குழந்தை மணமும் உருவாயின என்று நிறுவியது. கணவரை இழந்த பெண்ணைச் சாதிச் சமூகம் ‘மிகை’யானவளாகக் கண்டது, அவளை என்ன செய்வது என்பதே அதன் கவலை. அமெரிக்கச் சட்டம் சாதிக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும், பெண்ணின் இருப்பைக் கணவரின் இருப்பிலிருந்து மட்டுமே வரையறுக்கும் எந்தச் சட்டமும், அவர் இறந்ததும் அவளை மிகையாகவே காணும். மனு முடியும்வரை மறுமணம் கூடாது என்ற நிபந்தனை, மனுவைப் பரிசீலிக்கும் தாமதம் நீள நீள, சட்டம் விதித்த கைம்மையாகவே மாறிவிடுகிறது.

பிற நாடுகளும் நம் நாடும்

பிரிட்டனில் இணையர் விசாவில் இருப்பவர், குடிமகனான இணையர் இறந்தால், வழக்கமான 5 ஆண்டுக் காத்திருப்பு இன்றி உடனே நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் யாருடைய இறப்பு மதிக்கப்படுகிறது என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 2020இல் கொரோனாவால் இறந்த அயல்நாட்டு மருத்துவப் பணியாளர்களின் குடும்பத்தினருக்கு நிரந்தர உரிமை வழங்கும் திட்டத்தில், தொடக்கத்தில் துப்புரவுப் பணியாளர்களும் சுமை தூக்குவோரும் பராமரிப்புப் பணியாளர்களும் சேர்க்கப்படவில்லை. மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்த சிரிய அகதி ஹசன் அக்கத் வெளியிட்ட காணொளி பரவலான எதிர்ப்பைத் தூண்ட, அரசு அதே மாதத்தில் அவர்களையும் சேர்த்தது. கழிவைத் துடைப்பவரின் உயிர் கணக்கில் வராத கதை நமக்குப் புதிதல்ல.

இந்தியாவை நோக்கியும் இக்கேள்வியைத் திருப்ப வேண்டும். இந்தியக் குடிமக்களின் அயல்நாட்டு இணையர், திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 2 ஆண்டுகள் நீடித்திருந்தால்தான் ‘இந்திய வெளிநாட்டுக் குடிமகன்’ அட்டை பெற முடியும். அமெரிக்கா கைவிட்ட 2 ஆண்டு வரம்பின் சாயல் நம் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. குடிமகனை மணந்தவர் பதிவு மூலம் குடியுரிமை பெற 7 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். ‘சட்டவிரோதக் குடியேறி’யாக வகைப்படுத்தப்பட்டவருக்கு அந்தக் கதவும் மூடியே இருக்கிறது. இந்தியரை மணந்து தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக வாழும் ஈழத்தமிழ் ஏதிலிப் பெண்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல.

செய்ய வேண்டியது

2009 திருத்தம் தானாக வந்ததல்ல. கணவரை இழந்த பெண்கள், துயரத்தின் நடுவில், தாங்களே வழக்குத் தொடுத்து, ஒருவரையொருவர் தேடி இணைந்து, காங்கிரசின் கதவுகளைத் தட்டிப் பெற்றது. அவர்கள் பெற்றுத் தந்த உரிமையைக் காலக்கெடு தவறியதால் ஒருவர் இழப்பது பெருங்கொடுமை.

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் அம்பேத்கரிய அமைப்புகளும் தமிழ் அமைப்புகளும் இந்த விவரங்களைத் தமிழில் அச்சிட்டு வழங்கலாம். தகுதிபெற்ற குடிவரவு வழக்கறிஞர்களின் இலவச ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யலாம். படிவங்களும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது கட்டாயம். குறிப்பாக, விண்ணப்பம் முடியும் முன் இறுதிச் சடங்குக்காக நாட்டைவிட்டு வெளியேறுவது திரும்பி வரும் வாய்ப்பையே பாதிக்கக்கூடும். பயண அனுமதி பெறாமல் புறப்படக் கூடாது.

சார்பு விசாவில் வாழும் எல்லாப் பெண்களுக்கும், கணவரின் இறப்புக்குப் பின் தங்கவும் உழைக்கவும் தன்னுரிமை வேண்டும் என்பதே அடுத்த கோரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு பெண் ஒரு நாட்டில் கட்டியெழுப்பிய வாழ்வு, ஈட்டிய உழைப்பு, வளர்த்த குழந்தைகள் ஆகிய அனைத்தும் அவருக்கே உரியவை. அவற்றைக் கணவரின் இறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் புதைக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.